பினாங்கில் ஆறு மணி நேரம்

நேயர்களுக்கு வணக்கம். சுற்றுலா வழிகாட்டியாக இருந்தவர் என்று அறிவிப்பாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் வேலையை விட்டுவிட்டேன், கைப்பேசி என்னை விடுவதாயில்லை. "மாமா, பினாங்கில் இறங்கி அடுத்த விமானம் ஏற ஆறு மணி நேரம் இருக்கிறது, எங்கே போகலாம்?" என்று தமிழ்நாட்டு உறவுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து நேரடி விமானம் வந்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடிவிட்டது. உங்கள் வீட்டுக்கும் இப்படி ஓர் அழைப்பு வரலாம்.

ஆறு மணி நேரம் என்பது கணக்குக்குத்தான் ஆறு. விமானம் தரை தொட்டு, குடிநுழைவு வரிசையில் நின்று, வெளியே வர ஒரு மணி நேரம். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். நகருக்குப் போக முக்கால் மணி, திரும்ப ஒரு மணி என்று வைத்துக்கொண்டால், கையில் மிஞ்சுவது ஒன்றேகால் மணி நேரம். இதை வைத்துக்கொண்டு பினாங்கு மலைக்குப் போகிறேன் என்பார்கள். மலை ரயில் 1923 முதல் ஓடுகிறது, மேலே காற்றும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பள்ளி விடுமுறை நாளில் டிக்கெட் வரிசையிலேயே உங்கள் ஒன்றேகால் மணி நேரமும் போய்விடும். தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படிகள். வேர்த்து விறுவிறுத்து இறங்கி வந்து அப்படியே விமானத்தில் ஏறுவதற்கு முருகனே சம்மதிக்க மாட்டான். அதற்கெல்லாம் இன்னொரு முறை தங்குகிற மாதிரி வாருங்கள்.

ஆறு மணி நேரக்காரர்களுக்கு நான் சொல்வது ஒரே இடம்தான். கடைத்தெரு. வரைபடத்தில் லெபோ பசார் என்று இருக்கும், லிட்டில் இந்தியா என்றாலும் வாடகைக் கார் ஓட்டுநருக்குத் தெரியும். கோலாலம்பூர் விமான நிலையம் சிப்பாங்கில், நகரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேலே. இங்கே விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனுக்குச் சுமார் பதினாறு கிலோமீட்டர்தான். சிறிய ஊராக இருப்பதில் உள்ள லாபம் இது. ரேப்பிட் பினாங்கு 401 பேருந்தும் நகருக்குப் போகிறது. ஆனால் அது ஊரெல்லாம் நின்று நின்று போகும். நேரம் நிறைய இருக்கிறவர்கள் அதில் போகலாம், மற்றவர்களுக்குக் கைப்பேசிச் செயலியில் அழைக்கும் கிராப் கார்தான் சரி.

குவீன் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில் வாசலில் இறங்கிக்கொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அப்படியானால் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நடக்க வேண்டியதுதான். அங்கிருந்து சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம் கடற்கரை ஊர்களிலிருந்து கப்பலேறி வந்த முஸ்லிம் வணிகர்கள் 1801-இல் எழுப்பியது. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் உள்ளே பார்க்க விடுவார்கள், மேலங்கியும் தருவார்கள். அதே சாலையில் வடக்கே போனால் சீனர்களின் குவான் யின் கோயில், அதன் வாசலில் எந்நேரமும் ஊதுவத்திப் புகை. இன்னும் கொஞ்சம் தாண்டினால் 1818-ஆம் ஆண்டின் புனித ஜார்ஜ் தேவாலயம். சூலியா தெரு பக்கம் திரும்பினால் ஒரு மூலையில் சின்னதாக நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் பெயரில் இங்கே குடியேறியவர்கள் கட்டிய நினைவிடம் அது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள் அங்கே நின்றால் சீக்கிரம் நகர மாட்டார்கள், எனக்கு அனுபவம் உண்டு.

2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுடைமைப் பட்டியலில் போட்டது பழைய கட்டடங்களுக்காக மட்டும் இல்லை. இத்தனை சமூகங்களின் கோயிலும் பள்ளிவாசலும் கடையும் நடந்து போகும் தூரத்தில் இன்னும் புழக்கத்தில் இருப்பதுதான் காரணம். அதனால்தான் குறைந்த நேரத்துக்கு இந்தப் பகுதி பொருத்தம். வெயில் ஏறிவிட்டால் கடைகளின் முன்னே கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையிலேயே நடக்கலாம், மழை வந்தாலும் அதேதான்.

சாப்பாட்டுக்கு நேரம் ஒதுக்காமல் போனால் வந்ததே வீண். நாசி கண்டார் சாப்பிடுங்கள், சோற்றில் பல குழம்புகளை ஊற்றித் தரும் இந்த ஊர்த் தமிழ் முஸ்லிம் சாப்பாடு அது. கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா கடைக்கு வரிசை நீளும். வரிசையைப் பார்த்துப் பயந்தால் பக்கத்தில் வேறு கடைகள் உண்டு, அவையும் மோசமில்லை. எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். தனித்தனியாக ஊற்றச் சொல்கிறவர்களை நான் ஒன்றும் சொல்வதில்லை, மனதுக்குள் வருத்தப்படுவதோடு சரி. விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மீன்முட்டையும் பெரிய இறாலும் எடுத்தால் தட்டு கனமாவது போலவே பில்லும் கனமாகும்.

இப்போது முக்கியமான விஷயம், திரும்பும் நேரம். விமான நிலையத்துக்கும் நகருக்கும் நடுவே பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை இருக்கிறது. 1972-இல் தொடங்கிய அந்தப் பேட்டையில் எத்தனையோ மின்னணுத் தொழிற்சாலைகள். மாலை ஐந்து மணிக்கு வேலை விட்டால் எல்லா மோட்டார் சைக்கிளும் எல்லாக் காரும் ஒரே சாலையில் இறங்கும். பகலில் முக்கால் மணியில் போகிற தூரம் அப்போது ஒன்றரை மணி ஆகலாம். இரவு எட்டு மணி விமானம் என்றால் நான்கரைக்கே காரில் ஏறிவிடுங்கள். "இன்னும் ஒரு தேநீர்" என்று உட்கார வேண்டாம். விமான நிலையத்திலும் விரிவாக்க வேலை நடக்கிறது, அதற்கும் பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரத்துக்குள் என்றால் நகரையே மறந்துவிடுங்கள். நிலையத்துக்குப் பக்கத்திலேயே பாம்புக் கோயில் இருக்கிறது, 1850-இல் கட்டியது. பலிபீடத்தைச் சுற்றி விரியன் இனப் பாம்புகள் கிளைகளில் சுருண்டு கிடக்கும். தொடாமல் பார்த்துவிட்டு வரலாம்.

வெளிநாட்டு உறவினர்களிடம் இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். இரண்டு டிக்கெட்டும் தனித்தனி என்றால் பெட்டியைத் தாங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அப்புறம், மலேசியாவுக்குள் நுழைய மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், விசா விதியையும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். இவை இல்லாமல் கடைத்தெருவைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வாங்கிக்கொண்டு போக ஜாதிக்காய் ஊறுகாய் நல்லது. சாற்றோடு வாங்கினால் கைப்பையில் வைக்காதீர்கள், நூறு மில்லிலிட்டருக்கு மேல் பறிமுதல்தான். டுரியானை விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். ஆசையாக இருந்தால் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரருக்காகக் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு ஏறுங்கள். நன்றி, வணக்கம்.