பாசிப்பயறு முளை எப்படி நீள்கிறது?

[காட்சி: சிங்கப்பூரின் தேக்கா ஈரச்சந்தை. காய்கறிக் கடையில் குவிந்திருக்கும் தவ்கே எனும் பாசிப்பயறு முளை. ஒற்றை முளை திரையை நிறைக்கிறது.]

குரல்: மீ கோரெங் நூடுல்ஸ் தட்டில் கிடக்கும்போது இதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. இதன் தலைப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கிறது. தண்டு வெளுத்துப் பருத்திருக்கிறது. வீட்டில் ஈரத்துணியில் முளைகட்டும் பாசிப்பயறு இவ்வளவு குண்டாக வருவதில்லையே, ஏன்?

எத்திலீன் என்ற வாயுதான் காரணம். தவ்கே வளர்ப்பவர்கள் முளைகளின் மீது பாரம் வைப்பதுண்டு. எத்திலீனையே செலுத்துவோரும் உண்டு. அழுத்தம் பட்டால் முளை தானாகவே அந்த வாயுவைச் சுரக்கும். மண்ணை முட்டித் திறக்க வேண்டிய நிலை அது. ஆகவே நீளத்தைக் குறைத்து, தண்டைப் பருக்கவைத்து, இளந்தளிர் அடிபடாதபடி தலையை மடக்கிக்கொள்கிறது. எத்திலீனின் இந்த வேலையை 1901-இல் பட்டாணி முளைகளில் கண்டு சொன்னவர் ரஷ்யாவின் நெல்ஜுபோவ். அவருடைய ஆய்வுக்கூடத்து முளைகளைக் கோணலாக்கியது விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீன்!

[காட்சி: இருட்டறையில் வளர்ந்த முளைப்பாரி, நெடுநெடுவென்று, வெளிறிய மஞ்சளில்.]

குரல்: பாரமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் முளை இப்படித்தான் ஓங்கி வளரும். இங்கே புதிய செல்கள் பெருகுவது குறைவு; இருக்கும் செல்களே நீள்கின்றன. நீளச் சொல்வது ஆக்சின் என்ற ஹார்மோன். ஆனால் சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உழைப்பவர்கள் வேறு.

[காட்சி: அசைவூட்டம். ஒரு செல்லின் சவ்வும் அதற்கு வெளியே செல்சுவரும்.]

குரல்: செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் கார் டயரின் காற்றழுத்தத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கலாம். வெடிக்காமல் காப்பது வெளியே இருக்கும் செல்சுவர். ஆக்சின் வந்ததும் சவ்விலுள்ள பம்புகள் வேகமெடுத்து, நேர்மின்னூட்டம் கொண்ட ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன. செல்சுவர் அமிலமாகிறது. அந்த அமிலத்தில்தான் எக்ஸ்பான்சின் என்ற புரதம் விழித்துக்கொண்டு, சுவரின் இழைகளை நெகிழ்த்துகிறது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அடுத்ததுதான். நேர்மின்னூட்டம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் செல்லின் உட்புறம் மேலும் எதிர்மின்னாகிறது. அந்த மின்னழுத்தத்தை உணர்ந்து சவ்விலுள்ள பொட்டாசியம் வாய்க்கால்கள் திறக்கின்றன. பொட்டாசியம் உள்ளே பாய்கிறது, அதைத் தொடர்ந்து நீரும் நுழைகிறது. நெகிழ்ந்த சுவர் இழுபட, செல் நீள்கிறது. ஆக்சின் பட்டதிலிருந்து நீளத் தொடங்குவதற்குச் சுமார் 10 நிமிடங்களே போதும்.

வேரில் கதை தலைகீழ். அங்கே ஆக்சின் கூடினால் கால்சியம் வாய்க்கால்கள் திறந்து, செல்சுவரின் அமிலத்தன்மை குறைந்து, வளர்ச்சி ஒரு நிமிடத்துக்குள்ளேயே தளர்ந்துவிடுகிறது. ஒரே ஹார்மோன், இடத்துக்கு ஒரு குணம்.

[காட்சி: வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. ஈரத்தாளின் மீது படுக்கவைத்த முளை. சில மணி நேரம் சுருக்கி ஓடுகிறது.]

குரல்: நீங்களே சோதிக்கலாம். வீட்டில் முளைகட்டிய பயறு ஒன்றைப் படுக்கவைத்து, காயாமல் மூடி, இருட்டில் வையுங்கள். ஆக்சின் கீழ்ப்பக்கமாகச் சேரும், தண்டிலும் சரி, வேரிலும் சரி. தண்டின் கீழ்ப்பக்கம் வேகமாக நீள்வதால் அது மேல்நோக்கி வளைகிறது. வேரின் கீழ்ப்பக்கம் தயங்குவதால் அது கீழ்நோக்கி இறங்குகிறது.