சென்னைக்குப் பேருந்தில் வருகிறீர்களா? கடைசி 30 கிலோமீட்டரையும் கணக்கில் எடுங்கள்

[காட்சி: விடிவதற்கு முன் கிளாம்பாக்கம் முனையம். பேருந்துகள் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன.]

வணக்கம். 2024 பிப்ரவரியில் ஒரு நாள், காலை 4.30 மணிக்கு இந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். திருநெல்வேலியிலிருந்து வந்த அரசு விரைவுப் பேருந்திலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். கையில் பனையோலைப் பெட்டி, தோளில் துணிப்பை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "தம்பி, இது மெட்ராஸ்தானா?" என்று நடத்துநரிடம் கேட்டார். அவர் போக வேண்டிய மகன் வீடு திருவொற்றியூரில் இருந்தது. இரவு முழுவதும் ஒரே இருக்கையில் 600 கிலோமீட்டரைக் கடந்து வந்தவருக்கு, நகரத்தின் தெற்கு விளிம்பிலிருந்து வடக்கு விளிம்புக்குப் போகும் பயணம் இன்னும் பாக்கி இருந்தது.

சென்னைக்கு வரும் வெளியூர்ப் பேருந்து எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது, அங்கிருந்து வீடு போய்ச் சேர்வது எப்படி, ஊருக்குத் திரும்பும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதையே இந்தக் காணொளியில் பார்க்கப் போகிறோம்.

[காட்சி: வரைபடம். பாரிமுனை, கோயம்பேடு, கிளாம்பாக்கம் ஆகிய மூன்று புள்ளிகள்.]

2002 வரை வெளியூர்ப் பேருந்துகள் பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு அருகிலேயே வந்து நின்றன. திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம் இருந்த காலத்தில் வந்து பழகியவர்கள் இன்றும் அதைத் 'திருவள்ளுவர் பஸ் ஸ்டாண்டு' என்றுதான் சொல்கிறார்கள். அந்த இடம் போதாமல் போகவே, 2002 நவம்பரில் கோயம்பேடு நிலையம் திறக்கப்பட்டது. பிறகு நகரம் கோயம்பேட்டையும் தாண்டி வளர்ந்தது. பண்டிகைக்கு முந்தைய மாலைகளில் கோயம்பேட்டில் புறப்பட்ட பேருந்து, தாம்பரத்தையும் பெருங்களத்தூரையும் கடந்து வண்டலூரைத் தொடுவதற்குள் பயணிகள் பாதிப் பொறுமையை இழந்துவிடுவார்கள். நெரிசலில் சிக்கிய வண்டி தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், அதே வண்டி மறுமுனையில் எடுக்க வேண்டிய அடுத்த நடையும் தாமதமாகும். இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகவே, வண்டலூரை அடுத்துள்ள கிளாம்பாக்கத்தில் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையம் கட்டப்பட்டு, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. அடுத்த மாதமே தென்மாவட்டப் பேருந்துகள் இங்கே மாற்றப்பட்டன.

பேருந்தை இயக்குபவர்களின் கண்ணோட்டத்தில் இது சரியான முடிவு. ஆனால் முன்பு பேருந்துக்குள் உட்கார்ந்தபடியே கடந்த அந்த நெரிசலைப் பயணி இப்போது மூட்டை முடிச்சோடு, தனிச் செலவில், வேறொரு வண்டியில் கடக்க வேண்டியிருக்கிறது. முனையம் திறந்த நாளில் அதற்கென்று ஒரு ரயில் நிலையம் இல்லை. புறநகர் ரயில் பாதையோ கூப்பிடு தூரத்தில்தான் ஓடுகிறது. ரயில் நிலையத்தை முதலில் கட்டி முடித்துவிட்டுப் பேருந்து முனையத்தைத் திறந்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

எல்லாப் பேருந்தும் கிளாம்பாக்கத்துக்கு வருவதில்லை. ஆந்திரம், தெலங்கானா பக்கம் செல்லும் பேருந்துகள் 2018 முதல் மாதவரத்திலிருந்து புறப்படுகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் செல்பவையும், வேலூர், பெங்களூரு பக்கம் செல்பவையும் மாற்றத்தின்போது கோயம்பேட்டிலேயே இருந்தன. ஆகவே பயணச்சீட்டில் 'சென்னை' என்ற சொல்லைப் பார்த்ததும் நிம்மதியடையாமல், அதன் பக்கத்தில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.

[காட்சி: முனையத்தின் மாநகரப் பேருந்துப் பகுதி.]

கிளாம்பாக்கத்தில் இறங்கிவிட்டீர்கள். முனைய வளாகத்திலேயே மாநகரப் பேருந்துகள் நிற்கின்றன. வெளியே சாலைக்கு வந்து தேட வேண்டியதில்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. இரவெல்லாம் வந்த விரைவுப் பேருந்துக்கு இந்தச் சலுகை பொருந்தாது. கடைசிக் கட்டப் பயணத்துக்குத்தான் பொருந்தும். எழும்பூர், மாம்பலம், கிண்டி போன்ற இடங்களுக்குப் போகிறவர்கள் ஊரப்பாக்கம் அல்லது வண்டலூர் ரயில் நிலையத்துக்குச் சென்று புறநகர் ரயில் ஏறுவது நல்லது. காலை நெரிசல் தொடங்கிய பிறகு ரயிலை மிஞ்ச வேறு வழியில்லை. அண்ணா நகர், வடபழனி பக்கம் போகிறவர்கள் மாநகரப் பேருந்தில் விமான நிலையம் வரை வந்து, அங்கே மெட்ரோ ரயிலுக்கு மாறலாம்.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும் என்பதால், ஊரில் புறப்படும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை நினைவில் வையுங்கள். திருச்சியிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர், ஏறக்குறைய ஆறு மணி நேரம். இரவு 10 மணிக்கு ஏறினால் விடிவதற்கு முன் இறங்கிவிடலாம். நள்ளிரவைத் தாண்டி ஏறினால், நகரமே வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் நீங்களும் சாலையில் இருப்பீர்கள். விடுமுறை முடிந்து எல்லோரும் திரும்பும் நாளில் செங்கல்பட்டு, பரனூர் சுங்கச்சாவடிப் பகுதியிலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அன்று இன்னும் முன்னதாகப் புறப்படுங்கள்.

[காட்சி: சென்னைப் புறவழிச்சாலை, இரவு. சாலையோரம் பெட்டிகளுடன் பயணிகள்.]

இனி ஊருக்குத் திரும்பும் பயணம். இங்கே ஆம்னி பேருந்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், வழியில் ஆட்களை ஏற்றி இறக்கிச் செல்லும் வழித்தடப் பேருந்தையும், ஒப்பந்தம் பேசி மொத்தமாக எடுக்கப்படும் ஒப்பந்த ஊர்தியையும் தனித்தனியாக வகைப்படுத்துகிறது. அரசுப் பேருந்து வழித்தடப் பேருந்து. அதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. ஆம்னி பேருந்து ஒப்பந்த ஊர்தி. அதன் கட்டணத்தை அரசு அப்படி நிர்ணயிப்பதில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அதன் கட்டணம் தாறுமாறாக ஏறுவதற்கான அடிப்படை இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. ஆம்னி பேருந்துகளும் கிளாம்பாக்கத்துக்கே மாற வேண்டும் என்று அரசு சொன்னபோது உரிமையாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். போரூர், சூரப்பட்டு சுங்கச்சாவடிகளிலும் பயணிகளை ஏற்றி இறக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவு வந்தது.

அதனால் 'ஏறும் இடம்' என்ற பட்டியல் நீளமாகவே இருக்கிறது. என் தங்கை ஒருமுறை போரூர் சுங்கச்சாவடி என்று பதிவு செய்துவிட்டு, புறவழிச்சாலையின் எதிர்ப்பக்கத்தில், உறங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய பேருந்து மறுபுறம் வந்து, இரண்டு நிமிடம் நின்று, போய்விட்டது. நடுவில் தடுப்புச் சுவர். இருட்டில் கடக்கக் கூடாத சாலை. பேருந்து நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தியில், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒரு சொல்கூட இல்லை. ஆகவே வாகனப் பதிவு எண்ணும் ஓட்டுநரின் கைபேசி எண்ணும் வந்தவுடன் அழைத்து, தெற்கே போகும் சாலையின் எந்த இடத்தில் வண்டி நிற்கும் என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள், சாலையோர நிறுத்தத்தைத் தவிர்த்து முனையத்துக்கே வந்து ஏறுவதுதான் பாதுகாப்பு. அங்கே உட்கார இடம் உண்டு, கழிப்பறை உண்டு, வெளிச்சம் உண்டு.

வெள்ளிக்கிழமை மாலையில் நகரின் நடுப்பகுதியிலிருந்து கிளாம்பாக்கம் வருவதற்குச் சாலை வழியாக இரண்டு மணி நேரத்தை ஒதுக்குங்கள். பண்டிகை நாட்களில் சிறப்புப் பேருந்துகள் பல நிலையங்களிலிருந்து பிரித்து இயக்கப்படும். வழக்கமான இடம் அன்று மாறியிருக்கக்கூடும் என்பதால், போக்குவரத்துத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்குங்கள்.

[காட்சி: மீண்டும் கிளாம்பாக்கம். மெல்ல விடிகிறது.]

அன்று அந்த நடத்துநர், "இது கிளாம்பாக்கம் ஐயா, டவுன் பஸ் அந்தப் பக்கம் நிக்குது, வாங்க" என்று பனையோலைப் பெட்டியைத் தானே வாங்கிக்கொண்டு, மாநகரப் பேருந்து நிற்கும் இடம் வரை கூடவே நடந்தார். பெரியவர் பாரிமுனை வண்டியில் ஏறி, சன்னல் ஓரமாக உட்கார்ந்தார். "அங்க இறங்கிட்டா எனக்கு வழி தெரியும் தம்பி" என்றார்.