ஊசி போடுவதற்கு முன்னால்

வணக்கம் நேயர்களே. கடித்த நாய்க்காகப் பேச வந்திருக்கிறேன், கடிபட்டவரை மறந்துவிட்டு அல்ல. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், உடனே தடுப்பூசிக்குப் போங்கள், அதுதான் முதல் வேலை. நாயின் முறை அதற்கப்புறம்தான். ஆனால் அதன் முறை வருவதற்குள் ஊசி போட்டுக் கொன்றுவிடலாம் என்று பேசி முடித்துவிடுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கூடவே வளர்ந்த நாய், கழுத்தைக் கட்டிக்கொண்ட பையனின் கையைக் கடித்துவிட்டது. எந்தச் சத்தமும் இல்லாமல் திடீரென்று கடித்ததாம். முதலில் நாயைக் கால்நடை மருத்துவர் பார்க்கட்டும் என்று கெஞ்சினேன். அவர் காது மடலைத் தூக்கினார், உள்ளே சிவந்து புண்ணாகி, சீழ் நாற்றம், விரல் பட்டதும் நாயின் உடம்பே நடுங்கியது. அப்புறம் கேட்டால், பல நாளாகவே தலையைத் தொட்டால் உறுமிக்கொண்டிருந்ததாம், உறுமும்போதெல்லாம் அடி போட்டு அடக்கியிருக்கிறார்கள். அந்த உறுமல்தானே எச்சரிக்கை! அதை நாமே அடித்து நிறுத்திவிட்டு, சொல்லாமல் கடித்துவிட்டது என்றால் எப்படி? காது ஆறியது, நாய் பிழைத்தது.

2007இல் அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற அமெரிக்கக் கால்பந்து (கையால் பந்தை ஏந்தி ஆடுவது) வீரரின் இடத்தில் சண்டைக்கென்றே வளர்த்த சுமார் 50 நாய்களை மீட்டார்கள். எல்லாவற்றையும் கொன்றுவிடுவதே நல்லது என்று சில விலங்கு நல அமைப்புகளே சொன்னன. ஆனால் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்தார்கள், பெரும்பாலானவை பிழைத்தன, பல நாய்கள் பிறகு வீடுகளில் வாழ்ந்தன. நான் கேட்பதும் அதைத்தான், தனியாகப் பாருங்கள். பல்லின் நுனி பட்டதா, ஆழமாக இறங்கியதா, ஒரு தடவை கடித்து விட்டுவிட்டதா, விடாமல் குதறியதா, கட்டிப் போட்டிருந்ததா, குட்டி போட்டிருந்ததா? இதையெல்லாம் பார்த்த பிறகும் காப்பாற்ற முடியாத நாய்கள் உண்டு, மறுக்கவில்லை. பார்க்காமலே கொல்லாதீர்கள் என்கிறேன்.

வெறிநோய் பயம் நியாயமானது. கடித்த நாயை 10 நாள் அடைத்துவைத்துக் கண்காணித்தால், அது நல்லபடியாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் அந்தக் கிருமி இல்லை என்று அர்த்தம். கடிபட்டவர் அதுவரை தடுப்பூசிக்குக் காத்திருக்கக் கூடாது, மறுபடியும் சொல்கிறேன், காத்திருக்கவே கூடாது. நாய்க்கு அந்த 10 நாளையாவது கொடுங்கள்.

நேரம் முடிகிறது என்கிறார்கள். கடிக்காமல் இருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்க்கூடு பழக்குவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சரி, ஒன்று மட்டும்: வாயை இறுக்கிக் கட்டும் பட்டை வேண்டாம், நாக்கை நீட்டி மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூண்டு மாதிரியானதை வாங்குங்கள், தீனியை உள்ளே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். நன்றி, வணக்கம்.