பாசி மூட்டைகளுக்கு நடுவே ஓர் அலுவலகம்

வணக்கம் உறவுகளே. இன்று மே 30, 2020, சனிக்கிழமை. பாம்பனில் எங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் அடுக்கியிருக்கிற ஐந்து சாக்குகள் தெரிகின்றனவா? அரிசியோ நெல்லோ இல்லை. கடற்பாசி. மரிக்கொழுந்துப் பாசி என்று எங்கள் பக்கம் சொல்வோம். அகர் அகர் என்று கடையில் வாங்கிக் கடல்பாசி இனிப்பு செய்கிறீர்களே, அது இந்த மாதிரிப் பாசியிலிருந்து வருவதுதான். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அம்மா கடலில் மூழ்கி மூழ்கி எடுத்து, மணலில் பரப்பிக் காயவைத்துக் கட்டிய மூட்டைகள் இவை. ஊரடங்கு வந்தது, மதுரைக்குப் போகிற லாரி நின்றது, வியாபாரி வரவில்லை. மூட்டைகள் வீட்டுக்குள் வந்துவிட்டன. அவற்றுக்கு நடுவில்தான் இரண்டு மாதமாக என் அலுவலகம் நடக்கிறது.

நான் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். சித்தி மகள் நிச்சயதார்த்தத்துக்காக மார்ச் 21 அன்று இரண்டு நாள் விடுப்பில் வந்தேன். மறுநாள் மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி நள்ளிரவிலிருந்து நாடே அடைபட்டது. மாற்றுத்துணி இரண்டு செட், மடிக்கணினி, சார்ஜர், அவ்வளவுதான் கையில்.

முதலில் எங்களைத் தடுமாற வைத்தது ரயில். 1914இல் திறந்த பாலத்தின் மேல் ரயில் ஊர்ந்து போகிற சத்தம்தான் அம்மாவுக்குக் கடிகாரம். விடியுமுன் ஒன்று, காலையில் ஒன்று. அது நின்றதும் அம்மா நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து, “மணி என்ன தாயி?” என்று கேட்பார். 2018 கடைசியில் பழுதுபார்க்க ரயிலை நிறுத்தியபோதும் இப்படித்தான் இருந்ததாம். ஆனால் அப்போது பஸ் ஓடியது, கடலில் படகுகள் இருந்தன. இந்த முறை எதுவுமே இல்லை.

கடைகள் மதியம் 1 மணிக்கு அடைத்துவிடுவார்கள். அதற்குள் தண்ணீர்க் குடம், காய்கறி, ரேஷன். வெள்ளை வட்டத்துக்குள் நின்று நின்று வாங்கினோம். அதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் நின்றிருப்பீர்கள்.

வேலைக்கு வருகிறேன். சென்னையில் மாலை ஆறரைக்குக் கணினியை மூடினால் விடுதிக்குப் போய்விடுவேன். இங்கே மூடுவதற்கு நேரமே இல்லாமல் போயிற்று. ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதம் வேறு. ஜிஎஸ்டி தாக்கல் தேதிகளை ஜூன் வரை தள்ளிவைத்தார்கள். அப்பாடா என்று இருந்தேன். ஆனால் தேதி தள்ளிப்போனதால் எந்த வேலையும் முடியவில்லை, எல்லாமே திறந்தபடி கிடந்தது. இரவு ஒன்பதுக்கு அழைப்பு, பத்தரைக்கு இன்னொரு அழைப்பு. சிக்னல் இந்தத் தெற்கு ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதனால் அம்மா படுக்கிற இடத்திலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஏப்ரலிலிருந்து சம்பளம் பாதி. வேலை மட்டும் ஒன்றரை மடங்கு.

ஒருநாள் இரவு பதினொன்று இருக்கும். அம்மா தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “கடலில் பாசி கிடக்கிறது என்று நாங்கள் தினமும் இறங்குகிறோமா?”

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது. பாசி எடுக்கிற எங்கள் பெண்கள் மாதத்துக்கு 12 நாள்தான் இறங்குவது என்று தாங்களே பேசி வைத்திருக்கிறார்கள். இரும்புச் சுரண்டியைத் தொடுவதில்லை, கையால்தான் பறிக்க வேண்டும், வேர்ப்பிடிப்பை விட்டுவிட வேண்டும். சின்னப்பாலம் லட்சுமி அவர்கள் இந்தப் பெண்களுக்காக நின்றவர், தீவுகளின் இயற்கையைக் காக்கிற சீகாலஜி அமைப்பின் விருதை 2015இல் வாங்கியவர். மீன்பிடித் தடைக்காலத்தில் பாசிக்கும் ஓய்வு விடுவார்கள், குருத்து வளரட்டும் என்று. வழக்கமாக 61 நாள் தடை, இந்த வருடம் 47 நாளாகக் குறைத்திருக்கிறார்கள், நாளையோடு முடிகிறது. பசி இருக்கும்போதே நிறுத்தத் தெரிந்தவர்கள் அவர்கள். எனக்கு அது தெரியவில்லை.

மறுநாள் மேலாளரிடம் சொன்னேன்: காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறரை வரை, அதற்குப் பிறகு மறுநாள்தான். சொல்லும்போது குரல் நடுங்கியது. நான்கைந்து நாள் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பழகிவிட்டார். எல்லாராலும் இப்படிச் சொல்ல முடியாது, வேலையே போய்விடும் என்கிற நிலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அப்படிக் கிடைத்த மாலைகளில்தான் அம்மாவின் தகரப்பெட்டியைத் திறந்தேன். வியாபாரி கொடுத்த துண்டுச்சீட்டுகள், ஆறு வருடத்து மொத்தமும். ஊரார் கணக்கை எல்லாம் எழுதுகிற நான் இதை ஒருநாளும் எடுத்துப் பார்த்ததில்லை. ஒரு நோட்டில் வரிசையாக ஏற்றினேன். ஏப்ரல் பக்கத்தில் வரவு மூன்றே மூன்று: அரசு கொடுத்த 1000 ரூபாய், தடைக்கால நிவாரணம் 5000 ரூபாய், என் பாதிச் சம்பளம். முந்தைய பக்கங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு சாக்குக்கும் வியாபாரி எடையில் கழித்தது ‘மணல் கழிவு 2 கிலோ’. மழையானாலும் வெயிலானாலும், சலித்துக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அதே 2 கிலோ.

“பாசி என்றால் மணல் இருக்கத்தானே செய்யும்” என்றார் அம்மா. எனக்கு நெஞ்சு எரிந்தது. இதோ இந்தத் துணிச்சுருளைப் பாருங்கள். பழைய சேலையைக் கிழித்தது. கடலில் இறங்குமுன் பத்து விரலிலும் இதைத்தான் சுற்றிக்கொள்வார். பாறை கீறாமல் இருக்க. இருந்தும் கீறும். அம்மாவின் இந்த ஆட்காட்டி விரலில் நகத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் தழும்பு, ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று. இந்த விரலால் பறித்ததில்தான் சாக்குக்கு 2 கிலோ போயிருக்கிறது.

நேற்று முன்தினம் சாயங்காலம் ஒரு சாக்கை முற்றத்தில் கொட்டினோம். கச்சான் காற்றில் ஈரம் ஏறியிருந்தது, உப்புப் பூத்து வெளுத்திருந்தது. வெயிலில் ஒரு நாள் போட்டதும் மறுபடி சலசலவென்று ஆகிவிட்டது. இன்று காலையில் நானும் அம்மாவும் இரண்டு முறை சலித்தோம். கீழே விழுந்த மணலைப் பக்கத்துக் கடைத் தராசில் வைத்தோம். இதுதான் அந்த மணல், இந்தக் கிண்ணத்தில் இருப்பது. 350 கிராம்.

வருகிற வெள்ளிக்கிழமை பௌர்ணமி. அன்று கடல் வற்றுகிற நேரத்தில் இறங்க அம்மா புதிதாகத் துணி கிழித்து வைத்துவிட்டார். அதற்குமுன், திங்கட்கிழமை வியாபாரி தொலைபேசியில் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்னும் நான்கு சாக்கைச் சலிக்க வேண்டும். ஒவ்வொன்றின் மணலையும் தனித்தனியாக நிறுத்து நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன். பேசப்போவது அம்மாதான். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.