அப்பாவுக்கு ரெக்கார்ட் பிளேயரா? முதலில் பரண் மேல் ஏறுங்கள்

[காட்சி: பரணிலிருந்து இறங்கும் தகரப் பெட்டி. தூசி தட்டப்படுகிறது.]

வணக்கம். அப்பாவின் மணிவிழாவுக்கோ பாட்டுப் பைத்தியமான மாமாவின் பிறந்தநாளுக்கோ ரெக்கார்ட் பிளேயர் வாங்கித்தர நினைக்கிறவர்களுக்காக இந்த வீடியோ. மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். எந்தப் பிளேயர் வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கும் இசைத்தட்டுகள்தான் சொல்லும்.

12 அங்குலப் பெரிய தட்டு, எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்று. 7 அங்குலச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45 சுற்று. பழைய சினிமாப் பாட்டுகள் ஏராளமாக இதில் வந்தன. இவை இரண்டையும் இன்றைய பிளேயர்கள் அநேகமாக எல்லாமே சுழற்றும்.

வம்பு மூன்றாவது வகையில்தான். கனமான, கை தவறினால் ஓடு போல உடைகிற அரக்குத் தட்டு, 78 சுற்று. 1916இல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி சிறுமியாகப் பாடிப் பதிவானது இவ்வகைத் தட்டில். நம்ம ஊர் டி.எம். சௌந்தரராஜனின் தொடக்ககாலப் பாட்டுகளும் அப்படியே. இந்தத் தட்டின் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. முள்ளை வைத்தால் அது அடியில் போய்த் தூசியைத்தான் சுரண்டும். ஆகவே 78 வேகமும் வேண்டும், தனி முள்ளும் வேண்டும்.

[காட்சி: இரண்டு பிளேயர்கள் அருகருகே.]

ஆடியோ-டெக்னிகா நிறுவனத்தின் ஏ.டி-எல்.பி.60எக்ஸ் முழுக்கத் தானியங்கி. பொத்தானை அழுத்தினால் முள் தானே இறங்கும், முடிந்ததும் தானே எழும். கை நடுங்குகிற வயதுக்கு இதைவிடச் சௌகரியம் கிடையாது. ஆனால் இதில் 78 கிடையாது. அதே நிறுவனத்தின் ஏ.டி-எல்.பி.120எக்ஸில் மூன்று வேகமும் உண்டு. முள்ளைக் கழற்றி 78க்கான முள்ளையும் மாட்டலாம். ஆனால் எல்லாம் கையால்தான். தாத்தாவிடம் அரக்குத் தட்டு இருந்தால் நான் இரண்டாவதையே வாங்குவேன். முள்ளை மெல்ல இறக்குகிற லீவர் அதில் இருக்கிறது. அதைப் பழக்கிக் கொடுத்தால் போதும்.

தட்டைச் சுழற்றுவது பெல்ட்டா, நேரே மோட்டாரா (டைரக்ட் டிரைவ்), எது நல்லது என்று ஒரு சண்டை உண்டு. பரிசு கொடுப்பவர் அதற்குள் தலையைக் கொடுக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது முள்ளின் அழுத்தம். முள்ளைத் தாங்கும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ்; நல்ல கார்ட்ரிட்ஜ் பலவற்றுக்கும் 2 கிராம் அளவே போதும். பார்வைக்கு அழகான சூட்கேஸ் வடிவப் பிளேயர்கள் பலவற்றில் இது 5 கிராமைத் தாண்டும். குறைக்க வழியும் இல்லை. ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். பித்தளைக் கூம்பு வைத்த அலங்கார கிராமபோன் இன்னும் மோசம்: அதன் இரும்பு ஊசி எல்.பி.யை ஒரே ஓட்டத்தில் பாழாக்கிவிடும். வரவேற்பறையில் நிற்கட்டும், பாட வேண்டாம்.

மேலூர், திருமங்கலம் பக்கம் மைக் செட் காரர்களிடமிருந்து வந்த தட்டுகள் இருந்தால் ஓர் எச்சரிக்கை. காதுகுத்து, திருவிழா என்று ஓடி ஓடித் தேய்ந்தவை அவை. எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் இரைச்சல் போகாது. பிளேயரைத் திட்டாதீர்கள்.

[காட்சி: பிளேயரின் பின்பக்கம், சிறிய சுவிட்ச்.]

முள்ளிலிருந்து வரும் சமிக்ஞை சில மில்லிவோல்ட்தான். தட்டில் பதிக்கும்போதே கீழ்ச்சுருதி ஒலியைக் குறைத்து, மேல்சுருதியைக் கூட்டியிருப்பார்கள். இதை நேராக்கி, பெரிதாக்கித் தருவது போனோ ப்ரீஆம்ப். நான் சொன்ன இரண்டு மாடலிலும் அது உள்ளேயே இருக்கிறது. சாதாரண ஸ்பீக்கர் செட்டில் இணைத்தால் சுவிட்ச் 'லைன்' பக்கம். பழைய ஆம்ப்ளிஃபயரின் 'போனோ' துளையில் செருகினால் 'போனோ' பக்கம். மாற்றி வைத்தால் ஒன்று காதைக் கிழிக்கும், அல்லது ஈனஸ்வரத்தில் கேட்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் அண்ணன் பழைய பிளேயர் ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னால் யோசியுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜைச் சரிசெய்தாலும், ஏ.சி. மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுழலும் மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பாட்டு ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும்!

வைக்கும் இடத்துக்கு நம் பழைய வீடுகளின் கடப்பாக்கல் அலமாரி அருமை. அவ்வளவு எளிதில் அதிராது. ஆழம் மட்டும் சுமார் 40 சென்டிமீட்டர் இருக்கிறதா, மூடியைத் திறக்க மேலே இடம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். ஸ்பீக்கரை அதே பலகையில் வைக்காதீர்கள். மதுரை வெயில் ஜன்னல் வழியாகத் தட்டின் மேல் விழவே கூடாது, வளைந்துவிடும். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிற்கவையுங்கள்.

விழாவுக்கு முந்தைய நாளே பெட்டியைப் பிரித்து, முள் கையின் பின்னால் எடைக்கட்டி இருந்தால் அதையும் முள்ளின் அழுத்தத்தையும் சரிபார்த்து ஒரு தட்டை ஓடவிட்டுப் பாருங்கள். கூடவே தூசி துடைக்க ஒரு பிரஷ் வையுங்கள். வைர முள்ளும் சில நூறு மணி நேரத்தில் தேயும். அதன் மாடல் எண்ணை ஒரு சீட்டில் எழுதி உங்கள் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முள்ளுக்கும் போன் உங்களுக்குத்தான் வரும்.