மீசையை எடுக்காத ஜோக்கர்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் இருக்கிற பெரியவர்களே, வணக்கம். வணக்கம் இவ்வளவுதான். எனக்குக் கொடுத்தது எட்டு நிமிடம், எதிரணித் தம்பி சொன்ன ஒரு சொல்லுக்கே ஏழு நிமிடம் போய்விடும்.

'ஜோக்கராக மனதில் நிற்பவர் சிரிக்க வைத்தவரா, நடுங்க வைத்தவரா?' இதுதான் தலைப்பு. ஜோக்கர் என்றால் பேட்மேன் கதைகளில் கோமாளி முகத்தோடு வருகிற வில்லன், பல நடிகர்கள் போட்ட வேடம். நான் சிரிக்க வைத்தவர் கட்சி. தம்பி முதலில் 'தி டார்க் நைட்' படத்து ஜோக்கர் ஹீத் லெட்ஜரைச் சொன்னார். ஹோட்டல் அறையில் தனியாக அடைந்து கிடந்து, டைரி எழுதி, அந்தக் குரலையும் சிரிப்பையும் தேடிப் பிடித்தார் என்றார். உண்மை. அப்புறம் வாக்கின் ஃபீனிக்ஸ். 2019-இல் வந்த 'ஜோக்கர்' படத்துக்காக 52 பவுண்டு இளைத்தார் என்றார். அதுவும் உண்மை. இரண்டு பேருக்கும் ஆஸ்கர் கிடைத்தது. நான் என்ன, திருப்பி வாங்கவா வந்திருக்கிறேன்?

அதோடு தம்பி உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில், "எங்கள் ஆள் உடம்பையே உருக்கினார், உங்கள் ஆள் சீசர் ரொமேரோ ஒரு மீசையைக் கூட எடுக்கவில்லை, இவரெல்லாம் நடிகரா?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டியவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன் ஐயா. முக்கால்வாசிப் பேர் மீசைக்காரர்கள்!

அந்தக் கதையை முழுசாகக் கேளுங்கள். 1966, அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் ஆரம்பிக்கிறது. ஜோக்கர் வேடத்துக்கு சீசர் ரொமேரோவைக் கூப்பிடுகிறார்கள். வயது அறுபதை நெருங்குகிறது. அந்த மீசையோடுதான் ஹாலிவுட்டில் காதல் நாயகன் என்று பேர் வாங்கியவர். ஆனால் 1940-இல் காமிக்ஸில் பிறந்த நாளிலிருந்து ஜோக்கருக்கு மழமழவென்று முகம். மீசையை எடுங்கள் என்கிறார்கள். மாட்டேன் என்கிறார். வேடம் வேண்டும், மீசையும் வேண்டும். கடைசியில் என்ன செய்தார்கள்? மீசைக்கு மேலேயே வெள்ளைச் சாயத்தை அப்பிவிட்டார்கள்!

இப்போது அந்த மேக்கப்காரரை நினைத்துப் பாருங்கள். பாவம் ஐயா. தினமும் காலையில் அந்த மீசை முன்னால் உட்கார வேண்டும். ஒரு பூச்சு பூசுவார், மீசை தெரியும். இன்னொரு பூச்சு. இப்போதும் தெரியும், வெள்ளையாகத் தெரியும். அரிசி மாவில் புரண்டு வந்த கம்பளிப்பூச்சி உதட்டுக்கு மேலே படுத்திருக்கிற மாதிரி! மேக்கப்காரர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "இதற்கு மேல் ஆண்டவன் விட்ட வழி" என்றிருப்பார். இது மட்டும் என் கற்பனை, மற்றதெல்லாம் நடந்தது.

அந்தக் காலத்துச் சின்னப் பெட்டியில் அவ்வளவாகத் தெரியவில்லை. தப்பித்தார்கள். 2014-இல் அதையே துலக்கி ப்ளூரே டிஸ்க்கில் விட்டார்கள் பாருங்கள், ஒவ்வொரு முடியாக எண்ணலாம்! இதில் இன்னொரு வேடிக்கை. எதிரே நிற்பது யார்? பேட்மேன். காமிக்ஸ் உலகத்தின் மகா துப்பறிவாளன். ஒரு துளித் தடயத்தில் ஊரையே கண்டுபிடிப்பான். ஆனால் மூக்குக்குக் கீழே இருக்கிற மீசையைத் தொடர் முடிகிற 1968 வரைக்கும் ஒரு நாள்கூடக் கண்டுபிடிக்கவில்லை!

அதே மீசையோடு 1967-இல் ஒரு கதையில் ஜோக்கர் கடலில் அலைச்சறுக்குப் போட்டிக்குப் போகிறார். போட்டி பேட்மேனோடு. பேட்மேன் முகமூடி, உடுப்பு எல்லாம் போட்டு, அதற்கு மேலே ஒரு நீச்சல் டிராயரும் மாட்டிக்கொண்டு பலகையில் நிற்பார். தம்பி, இதை முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நடிக்க எவ்வளவு பெரிய நடிகர் வேண்டும்? இளைக்கிறதற்குப் பட்டினி போதும். இதற்கு வெட்கத்தை விட வேண்டும்.

ஜாக் நிக்கல்சனை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். அவர் ஜோக்கராக நடித்த 1989 பேட்மேன் படத்தில் கதாநாயகன் மைக்கேல் கீட்டனுக்கு முன்னால் வில்லன் பேர்தான் முதலில் வரும். அருங்காட்சியகத்தில் ஆடிக்கொண்டே ஓவியங்களையெல்லாம் நாசம் செய்வார். பிரான்சிஸ் பேக்கன் வரைந்த ஒன்றை மட்டும், "இது எனக்குப் பிடித்திருக்கிறது, விடு" என்பார். ரசனையுள்ள ரவுடி!

இனி தம்பியின் சொத்துக்கே வருகிறேன். லெட்ஜர் ஒரு பென்சிலை மேசையில் நட்டு வைத்து, ஒருவன் தலையை அதில் மோதி அதை மறைய வைக்கும் வித்தை காட்டுவாரே, நடுங்கிவிட்டு அடுத்த நொடி தியேட்டரே சிரித்ததா இல்லையா? நர்ஸ் உடுப்பு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியைத் தகர்த்துவிட்டு வெளியே வருவார். வெடிச்சத்தம் நடுவில் நின்றுபோகும். கரண்ட் போன டிவி ரிமோட்டை நாம் தட்டுவோமே, அப்படிக் கையிலிருக்கிற வெடிக்கருவியைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். அந்த இடத்தில் அவரே சமாளித்து நடித்தார் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். இல்லை, அந்த இடைவெளி முன்பே திட்டமிட்டது. சிரிப்பு வர வேண்டும் என்று திட்டம் போட்டிருக்கிறார்கள் ஐயா! இடித்த கட்டடம்கூட சிகாகோவில் மூடிக் கிடந்த ஒரு மிட்டாய்க் கம்பெனி. ஆக லெட்ஜரும் எங்கள் அணி. தம்பி, நாற்காலியை இந்தப் பக்கம் போடுங்கள்.

கடைசியாக ஒருவர். முகமே காட்டாத ஜோக்கர், மார்க் ஹாமில். 1977-இல் ஸ்டார் வார்ஸ் படத்தில் நாயகன் லூக் ஸ்கைவாக்கர், ஊருக்கே நல்ல பிள்ளை. 1992-இல் கார்ட்டூன் பேட்மேனில் ஜோக்கருக்குக் குரல் கொடுக்க வந்தார். பத்து விதமாகச் சிரிப்பார். எதிரே பேட்மேனுக்குக் குரல் கெவின் கான்ராய். கார்ட்டூன், படம், வீடியோ கேம் என்று அந்த இரண்டு குரலும் முப்பது வருடம் சண்டை போட்டன. ஜோக்கர் வேடம் என்று அழைப்பு வந்தால் ஹாமில் கேட்பது ஒரே கேள்வி: "பேட்மேன் கெவின்தானே?" ஆமாம் என்றால் உடனே சம்மதம்.

2022 நவம்பரில் கெவின் போய்விட்டார். 66 வயது. அதற்குப் பிறகு ஹாமில், அவர் இல்லாமல் தனக்கு ஒரு பேட்மேன் இல்லை, இனி ஜோக்கரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதையில் அந்த பேட்மேனை ஒழிக்கத்தானே ஜோக்கர் இத்தனை காலம் அலைந்தான்? எதிராளி போனதும் ஜெயித்தேன் என்று குதிக்கவில்லை ஐயா, கடையையே மூடிவிட்டான். எந்த மேக்கப் இதை நடிக்கும்? எந்த ஆஸ்கர் இதற்குக் கொடுப்பார்கள்? நான் வாதம் ஏதாவது மிச்சம் வைத்திருந்தேனா என்பதே மறந்துபோச்சு.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. தம்பி, கீழே இறங்கினதும் என் பக்கத்தில் வந்து உட்காரு, சேர்ந்து சாப்பிடப் போகலாம். தீர்ப்பு ஐயா சொல்வார்கள். வணக்கம்.