14 நிமிட ஆட்டத்தின் தலைவி: ஃபேனி ஓர்த்தா

நேயர்களுக்கு வணக்கம்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸில் ஒரு ஆட்டம் 14 நிமிடம்தான். ஏழு நிமிடம் ஆடி, இரண்டு நிமிடம் மூச்சு வாங்கி, மறுபடி ஏழு நிமிடம். மைதானமோ 15 பேர் ஆடும் அதே மைதானம், சுமார் 70 மீட்டர் அகலம். பிரான்ஸ் மகளிர் அணியின் தலைவியாக இருந்த ஃபேனி ஓர்த்தாவின் வேலை இந்த அகலத்தைக் காப்பதில்தான் தொடங்கியது.

தடுக்கும்போது பெரும்பாலும் ஆறு பேர் வரிசையில், ஒருவர் பின்னால். ஆளுக்கு ஏறத்தாழ 12 மீட்டர் பங்கு. ஒரு டேக்கிள் (பந்தோடு ஓடி வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) தவறினால் மிச்சம் அந்தப் பின்காவல் மட்டுமே. தரையில் கிடக்கும் பந்துக்கு இரண்டு பேர் குனிந்தால் வரிசையில் நாலே பேர்! யார் குனிவது, யார் நிற்பது என்று ஓட்டத்துக்கு நடுவே குரல் கொடுத்தாக வேண்டும். மஞ்சள் அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே. ஆட்டத்தில் ஏழில் ஒரு பங்கு போச்சு.

இன்னொன்று: ட்ரை போட்ட, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்த அணிதான் மறுபடி பந்தை உதைத்துத் தொடங்கும். அதைத் தாவிப் பிடித்துவிட்டால் எதிரணி பந்தைத் தொடாமலே அடுத்த ட்ரையும் வாங்கலாம். உதை பத்து மீட்டர் போகாவிட்டால் நடுக்கோட்டில் எதிரணிக்கு ஃப்ரீ கிக்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓர்த்தாவின் அணிக்கு ஆறாம் இடம். 2018இல் சான் பிரான்சிஸ்கோ உலகக் கோப்பையில் இறுதிவரை வந்து, நியூசிலாந்திடம் 29-0 என்று தோற்றது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போக நேரடி இடமும் கிடைக்கவில்லை. 2021 ஜூனில் மொனாக்கோவில் நடந்த கடைசித் தகுதிச்சுற்றில்தான் நுழைந்தார்கள்.

அங்கிருந்து ஆறே வாரம். டோக்கியோவில் பிஜியை 12-5, பிரேசிலை 40-5, கனடாவை 31-0, காலிறுதியில் சீனாவை 24-10, அரையிறுதியில் பிரிட்டனை 26-19. பிஜியையும் பிரிட்டனையும் வென்ற இடைவெளி ஏழு ஏழு புள்ளி: ஒரு ட்ரைக்கு ஐந்து, அதன் பின் டிராப் கிக்குக்கு (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) இரண்டு. ஒரே ஒரு டேக்கிளின் விலை அது. என் கணக்கில் பதக்கம் பிறந்த இடம் அந்தக் குறுகிய வெற்றிகள்தான், 40-5 அல்ல.

ஜூலை 31 இறுதியில் மறுபடி நியூசிலாந்திடம் தோல்வி, 26-12. மூன்று நாளில் ஆறு ஆட்டம், 84 நிமிடம். அந்த வெள்ளிப் பதக்கத்தோடு ஓர்த்தா விடைபெற்றார்.